கண்ணாடி ஏற்றிய வண்டி

போன லோடில் பாதிக் கண்ணாடி தூளாகிப் போனது. கிடங்கு மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ உடைஞ்சுதுன்னா இந்த கேட்டுப் பக்கம் வண்டியத் திருப்பாத." அந்தக் கிடங்கை விட்டால் டிரைவரின் லாரிக்கு நிலையான வேலை கிடையாது. அதனால்தான் வெட்கத்தை விட்டு மச்சானின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தான். அவனாக விட்டான் என்றும் சொல்ல முடியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மனைவிதான் விடவைத்தாள்.

மச்சான் அவளுடைய அண்ணன். லாரிகளுக்குப் பட்டை கட்டுகிறவர். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள்தான் லாரியின் பாரத்தைச் சுமக்கின்றன. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியை வாங்கிக்கொள்வதும் அவைதான். கிடங்கிலிருந்து போகிற மலை ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அடிக்கடி பட்டை முறியும். ரோடு என்று சொல்வது ஒரு பழக்கதோஷம். தார் போட்டதாகப் பேச்சு இருக்கிறது, தார்தான் இல்லை.

முன்பு ஒருமுறை முறிந்தபோது, பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாக வைத்துக் கட்டச் சொன்னான் டிரைவர். மச்சான் முடியாது என்றார். வார்த்தை தடித்தது. டிரைவர் வேறு பட்டறையில் போய்க் கட்டிக்கொண்டான். அதோடு பேச்சு நின்றது.

இப்போது மச்சான் வண்டிக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தார்.

"யாரு மாப்ள, மாடி கட்டிக் குடுத்தது?"

டிரைவர் டயரில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தட்டினான். மச்சான் விடவில்லை.

"வீடு நல்லாத்தான் இருக்கு. குடியிருக்கத்தான் முடியாது."

"ரோடு அப்படிக் கெடக்கு, நான் என்ன மச்சான் பண்றது? பட்டை முறிஞ்சு நடுரோட்டுல நிக்கிறதா?"

"இப்ப முறியல, ஒத்துக்கறேன். அதுக்குப் பதிலா கண்ணாடி உடையுது. பட்டைய இரும்புக் கட்டையாட்டம் ஆக்கிட்ட. வளையவே மாட்டேங்குது. அடி எங்கயாவது போய்த்தானே ஆகணும்?"

"ஆமா, நீங்க சொன்னா வேதம்."

"வேதத்த விடு. ஜாக்கிய எடு."

"ரெண்டு பேரும் வாயக் கொறச்சுட்டுக் கையக் காட்டுங்க," என்றாள் அவள். "காலைல லோடு ஏத்தணும்."

அச்சோடு பட்டைகளைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் நட்டுகள் துருவில் செத்துக் கிடந்தன. மச்சான் அவற்றை நெருப்பில் காய்ச்சி, ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகித் தொங்கினார். அவளும் சேர்ந்து தொங்கினாள். ஒவ்வொரு நட்டும் முனகிக்கொண்டே அசைந்தது. கழற்றிய பட்டைகளை வரிசை குலையாமல் தரையில் பரப்பினார். கூடுதலாக வைத்த இரண்டையும் சுவரோரம் தள்ளினார். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். நல்ல பட்டை கணீரென்று பாடும். ஒன்று மட்டும் 'டொக்' என்றது. டிரைவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறலும் தெரியவில்லை. மச்சான் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்புத்தூளைத் தூவினார். சற்றுப் பொறுத்து வெள்ளையில் மயிரிழை போல ஒரு கோடு ஊறி வந்தது. அந்தப் பட்டையோடுதான் டிரைவர் மலை இறங்கியிருக்கிறான்.

மச்சான் குத்திக் காட்டவில்லை. வேறு பட்டை தேடப் போய்விட்டார். துருவைச் சுரண்டி, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கிரீஸ் பூசி, கட்டி முடித்தபோது அவர் விரல்கள் மடங்க மறுத்தன.

புதிதாகக் கட்டிய பட்டை பாரம் ஏறி ஓடினால் படியும். படிந்தால் போல்ட் தளரும், திரும்ப இறுக்க வேண்டும். எல்லாப் பட்டறையிலும் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஒரு டிரைவரும் இறுக்கியதில்லை. மச்சான் இவனிடம் சொல்லவே இல்லை. காலையில் லோடு ஏறியதும் ஸ்பேனரோடு அவரே பின்னால் ஏறி, கண்ணாடிச் சட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாலம் தாண்டியதும் ரோடு முழுக்கத் தண்ணீர். எது குழி, எது தரை என்று தெரியவில்லை. போன லோடு உடைந்த இடமும் அதுதான். டிரைவர் ஓரமாக வண்டியை ஒடித்தான். பின்னாலிருந்து தடதடவென்று தட்டும் சத்தம்.

மச்சான் குதித்து இறங்கி, செருப்பைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தார். காலால் துழாவித் துழாவிப் போனார். ஓரத்தில் கணுக்கால் அளவுதான். நடுவில் முழங்கால் முங்கியது. அங்கேயே நின்று கையை ஆட்டினார்.

"இப்படி வா மாப்ள!"

"ஆழத்துல வரச் சொல்றீங்களே!"

"ஓரத்துல ஒரு சக்கரம் மேல, ஒண்ணு கீழ. சாஞ்சா எல்லாம் போச்சு. இங்க ரெண்டும் ஒண்ணா எறங்கும், ஒண்ணா ஏறும். அடி கெட்டியாத்தான் இருக்கு. மெதுவா வா."

டிரைவர் கியரில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"போங்க," என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த மனைவி. "தப்பா இருந்தா முதல்ல எங்கண்ணன் மேலதான ஏத்துவீங்க."

வண்டி இறங்கியது. மச்சான் முகத்தை வண்டிக்குக் காட்டியபடி பின்னால் நகர்ந்துகொண்டே கையாட்டினார். பின்சக்கரங்கள் விழுந்தன. எருமை குளத்தில் இறங்குவதுபோல வண்டி அமிழ்ந்து, பட்டைகள் வளைந்து, அதே நிதானத்தில் எழுந்தது. பின்னால் கண்ணாடி சிணுங்கக்கூட இல்லை.

மேட்டில் ஏறியதும் நிறுத்தச் சொன்னார். சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். டிரைவரும் இறங்கி, கேட்காமலே மறுபக்கம் படுத்து ஸ்பேனரைப் பிடித்தான். ஒவ்வொரு நட்டும் இன்னும் கொஞ்சம் சுற்றியது.

லோடு இறங்க வேண்டிய புதுக் கட்டடத்தில் ஆட்கள் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கடைசிக் கண்ணாடி வரை முழுசு. அவள் மேலாளரைப் போனில் அழைத்துச் சொல்லிவிட்டு, போனைக் கணவனிடம் நீட்டினாள்.

"அடுத்த லோடு எப்ப எடுக்கற?" என்றது போன்.

"முன்பட்டையும் பிரிச்சுப் பாக்கணும் சார். முடிச்சிட்டு வந்து எடுக்கறேன்."

லாரி மறைவில் கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த மச்சான் திரும்பினார். "முன்பட்டைய யாரு பிரிக்கப் போறாங்களாம்?"

"தெரிஞ்ச எடத்துல ஒரு முரட்டு ஆளு இருக்காரு மச்சான்."

"காலைலயே கொண்டுபோயிரு. லேட்டா வந்தா அந்த ஆளு தொடமாட்டான்."