ரூபிக்கு ஓய்வு நாள்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் தனியாக இருக்கும் ஒரு மன்னார்ப் பெண் நாய் வளர்த்தால் பாவம் என்பார்கள். பூனை வளர்த்தால் பரவாயில்லை என்பார்கள். குதிரை வாங்கினால் என்ன சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் வேரோனிக்காவுக்கு மூளை கொஞ்சம் தட்டிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது அன்ரனெற் அன்ரி மட்டும் நேராகவே கேட்டார்.

"கலியாணம் கட்டாமல் குதிரை வாங்கினனியாம். உண்மையோ பிள்ளை?"

"ஓம் அன்ரி. குதிரை குறட்டை விடாது."

மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. எங்கெங்கோ போகிறவர்களுக்கெல்லாம் சோறு கட்டிக் கொடுத்தே வயது நாற்பத்தாறாகிவிட்டது. அவள் வாங்கிய ரூபி ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு லாயத்தில் நின்றது. வருடக்கணக்காக யாரும் ஏறாமல் புல்லை மட்டும் மேய்ந்து வயிறு தள்ளிப்போன செம்பட்டைப் பெட்டைக் குதிரை. ஜூன் மாதத்தில் லாயத்துக்காரர்கள் காட்டுப்பாதை வழியே நாள் முழுக்க ஒரு நீண்ட சவாரி போவார்கள். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை, சும்மா ஒரு சந்தோஷத்துக்கு. சும்மா ஒரு சந்தோஷத்துக்கென்று வேரோனிக்கா வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. அதனாலேயே அவளுக்கு அந்தச் சவாரி வேண்டியிருந்தது.

அதே லாயத்தில் ஸ்ரீநிதியும் ஒரு குதிரை வைத்திருந்தாள். சென்னைப் பெண், கம்ப்யூட்டர் வேலை, முன்பே இரண்டு தடவை அந்தச் சவாரி போனவள். ரூபியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவசரப்படாதீங்க அக்கா. முதல்ல வெறும் நடை. அப்புறம் மெதுவா ஓட்டம். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, மேடெல்லாம் கடைசியில. வாரத்துல ரெண்டு நாள் கட்டாயம் ஓய்வு குடுக்கணும். ஓடற அன்னிக்கு உடம்பு தேயும். சும்மா நிக்கற அன்னிக்குத்தான் தேறும்."

குளிர்காலம் முழுவதும் வேரோனிக்கா அப்படியேதான் செய்தாள். மார்ச் மாதத்தில், வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த மாத்தளனிலிருந்து தம்பி றோய் கதைத்தான். யாருடையதோ போன், பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"உன்ரை குதிரையைப் பற்றிப் பிள்ளையளுக்குச் சொன்னனான் அக்கா. நம்புதுகள் இல்லை" என்று சிரித்தான். அதோடு தொடர்பு அறுந்தது.

அன்றைக்கு அவள் அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். எதையாவது நேர்ந்துகொள்ள வேண்டும். மீன், இறைச்சி என்று மச்சம் விடலாமென்றால், தவக்காலம் வந்து ஏற்கெனவே விட்டாயிற்று. கையில் கிடந்தது அந்தச் சந்தோஷம் ஒன்றுதான். றோயின் குரல் கேட்கும் வரை ஒரு நாளும் தவறாமல் சேணத்தில் ஏறுவேன், ஏறாத நாள் ஒன்று வராது என்று நேர்ந்துகொண்டாள். நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அவளுடைய எண்ணம், அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. நேர்ந்தது இரண்டு பேருக்கும் சேர்த்து என்பதும், மற்றவளான ரூபியிடம் கேட்கவில்லை என்பதும் அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரலில் ரொறன்ரோ வீதிகளெல்லாம் நம் சனம். சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொடியும் அழுகையுமாக நின்றார்கள். வேரோனிக்காவும் போய் நின்றாள். பொழுது சாயத் தொடங்கியதும் ரூபியின் நினைவு வந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியேறினாள். அன்ரனெற் அன்ரி கண்டுவிட்டார்.

"எங்கை போறாய்? குதிரைக்குப் பசிக்குதோ?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அங்கே ஒரு றோய் இருந்தான். அவர்களோடு சேர்ந்து அழ அவளுக்கும் ஆசைதான். ஆனால் வாயைத் திறந்தால் நேர்த்தி போய்விடும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒஷாவா வரைக்கும் தனியாக அழுதுகொண்டு போனாள்.

ரூபி நன்றாகத் தேறியிருந்தது. வயிறு உள்ளே போய்த் தொடைகள் இறுகிவிட்டன. மேடு ஏறி இறங்கிய பிறகு தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தால், படபடத்த நாடி சட்டென்று அடங்கியது. அதோடு நின்றிருக்கலாம். மே மாதம் பிறந்ததும் ரூபி அவளைக் கண்டு தலை நிமிர்த்துவதை விட்டது. சேணத்தைக் கண்டால் காதைப் பின்னுக்கு மடித்தது. ஒரு சனிக்கிழமை முன்னங்காலைத் தடவிப் பார்த்தபோது ஒரு பக்கம் சூடாக இருந்தது.

ஸ்ரீநிதி குந்தி இருந்து தொட்டுப் பார்த்தாள். "நரம்பு வீங்கியிருக்கு அக்கா. ஓய்வே குடுக்கலையா?"

வேரோனிக்கா ரூபியின் பிடரியைக் கோதினாள்.

"இன்னைக்கு ஏறினீங்கன்னா ஜூன் என்ன, இது எப்பவுமே ஓடாது."

ஸ்ரீநிதி போன பிறகும் வேரோனிக்கா சேணத்தைத் தூக்கி வைத்தாள். கொஞ்ச நேரம், மெதுவாக, நாலடி நடந்தால் போதும். அதுவும் ஏறினதுதானே? வாரை இழுத்துக் கட்டினாள். ரூபி விலகவில்லை, உதறவில்லை. நோகிற காலை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஏறுவதற்காகக் காத்து நின்றது. முரண்டு பிடித்திருந்தால் அதட்டி ஏறியிருப்பாள். அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சேணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் பிடித்துக் காலுக்கு அடித்தாள். விரல்கள் விறைத்துப்போயின.

"றோய், மன்னிச்சுக்கொள்ளடா" என்று சத்தமாகவே சொன்னாள். கேட்க அங்கே ஒருவருமில்லை.

திங்கட்கிழமை சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. இங்கே அன்றைக்கு மகாராணியின் பெயரில் விடுமுறை. பொழுதுபட்டதும் வாணவேடிக்கை தொடங்கிவிடும், குதிரைகள் மிரளும், ஆட்கள் வந்து பக்கத்தில் நில்லுங்கள் என்று லாயத்தில் கேட்டிருந்தார்கள். வேரோனிக்கா ரூபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வெடிக்கும் இரண்டு உடம்பும் சேர்ந்தே நடுங்கின. நான் ஏறாமல் விட்டேன், அவன் போயிருப்பான். இது ஒன்றுதான் அவளுடைய மண்டைக்குள் ஓடியது. இதென்ன கணக்கு என்று நீங்கள் கேட்கலாம். கூட இருந்து கேட்க ஒருவர் இருந்திருந்தால் அவளும் அப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டாள்.

ரூபிக்குக் கால் சுகமாகியது. நடை, பிறகு சின்ன ஓட்டம் என்று மறுபடி மெதுவாகத் தொடங்கினார்கள். வேரோனிக்கா ஸ்ரீநிதி சொன்னதைச் செய்தாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. ஜூன் மாதத்தில் ஒரு பின்னேரம் ஸ்ரீநிதி நாடி பிடித்துப் பார்த்துவிட்டு எழும்பினாள்.

"நல்லா அடங்குது அக்கா. சனிக்கிழமை தாராளமா போகலாம்."

அவள் தன் குதிரையிடம் போன கையோடு வேரோனிக்காவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். றோயின் மனைவி ஷாமிலா, முகாமிலிருந்து.

"மச்சாள், நானும் பிள்ளையளும் தப்பிட்டம். அவர் இல்லை மச்சாள்."

வேரோனிக்காவுக்கு அழுகை வரவில்லை. லாயத்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப? எந்த நாள் எண்டு சொல்லு."

"உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச மற்றக் கிழமை. தண்ணி எடுக்கப் போன இடத்திலை."

ஏப்ரல். அப்போது ரூபிக்குக் காலே நோகவில்லை. அப்போது அவள் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் கிடந்த பாரம் ஒரேயடியாக இறங்கியது. அவளை அறியாமலே அவளுடைய வாய் சொல்லிவிட்டது.

"அப்பாடா."

அந்தப் பக்கத்திலிருந்து ஷாமிலா மெதுவாகக் கேட்டாள்.

"என்ன மச்சாள் சொன்னனீங்கள்?"