அர்கிரிஸ் மேடையேறிய நாள்

மார்ச் இருபத்தைந்து, விடுதலை நாள் அணிவகுப்பு. நாடாளுமன்ற உறுப்பினர் அர்கிரிஸ் சொந்த ஊரின் மேடையில் நின்றிருந்தார். கண்ணெல்லாம் கூட்டத்தின் கைகளில்தான் இருந்தது. ஓய்வூதியத்தை வெட்டவும் ஊர் மருத்துவமனையை மூடவும் வாக்களித்துவிட்டு வந்த மனிதர் வேறு எதைப் பார்ப்பார்? போன மாதம்தான் பக்கத்து ஊரில் அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் தலையில் ஒரு சட்டித் தயிரைக் கவிழ்த்திருந்தார்கள். பிடிக்காத அரசியல்வாதிக்குத் தயிரபிஷேகம் செய்வது கிரேக்கர்களான எங்களுக்குப் பழைய பழக்கம்.

மேயர் அவர் காதோடு சொன்னார். "பயப்படாதீங்க சார். பால்கடையக் காலையிலயே பூட்டச் சொல்லிட்டேன்."

"வீட்ல இருந்து கொண்டு வந்தா?"

"வீட்ல இருந்தா சாப்பிட்டிருப்பாங்க. உங்க புண்ணியத்துல எறியுற அளவுக்கு இங்க யார்கிட்டயும் மிச்சம் இல்ல."

அது தைரியம் சொன்னதா, குத்திக் காட்டியதா என்று அர்கிரிஸுக்கு விளங்கவில்லை.

உண்மையில் தயிர்கூட அவருக்கு இரண்டாம்பட்சம்தான். அந்த வாக்கெடுப்புக்குப் பிறகு அப்பா ஜீசிஸ் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று மதியம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தார். பொரித்த மீனும் பூண்டு மசியலும் இல்லாமல் எங்கள் பக்கம் இந்த நாள் போகாது. "வாடா, உப்பு மீன் ஊறப் போட்டிருக்கேன்" என்று அம்மாதான் கூப்பிட்டிருந்தாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்க இவருக்குத் துணிவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். மேடையைத் தாண்டும்போது தலையைத் திருப்பி மரியாதை செய்ய வேண்டும். பல ஊர்களில் பிள்ளைகள் வேண்டுமென்றே மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். இங்கே முதல் வரிசை ஒழுங்காகவே திரும்பியது. அர்கிரிஸுக்கு உயிர் வந்தது. பாவம், கையைக்கூட ஆட்டினார்.

மேடைக்கு எதிரே ஊர் வாத்தியக் குழு நின்றது. அதில் பெரிய முரசு அப்பாவுடையது. அந்த அடியை வைத்துத்தான் பிள்ளைகள் கால் போடுவார்கள்.

முரசு நின்றது.

மற்ற வாத்தியங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பிள்ளைகள் கால் குழம்பி, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா முரசைக் கழற்றித் தரையில் வைத்தார். கிழவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அர்கிரிஸுக்குப் பகீரென்றது. மருத்துவமனையும் மூடிக்கிடக்கிறதே. படியிறங்கி ஓடினார்.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இத்தன வருஷமா யார் யாரோ அங்க நின்னாங்க, வாசிச்சேன். நீ நிக்கிற மேடைக்குக் கை வரலடா."

"எல்லாரும் பாக்குறாங்கப்பா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"நீ போ. அம்மா ஆசையாச் செஞ்சு வச்சிருக்கா, அவ மனசு நோகக் கூடாது. நீ சாப்பிட்டுக் கிளம்பினதும் நான் வீட்டுக்கு வர்றேன்."

ஊரே திட்டினாலும் தாங்கலாம் என்று வந்தவர் அர்கிரிஸ். அப்பா வீட்டுக்கு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினார். கூட்டம் சத்தமில்லாமல் விலகி வழிவிட்டது.

"அப்போ நீங்க எங்கப்பா சாப்பிடுவீங்க?"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. "சர்ச்ல இல்லாதவங்களுக்குச் சூப் ஊத்துறாங்க. வரிசையில நின்னு வாங்கிக்குறேன். என்கூட வாசிக்கிறவங்கல்லாம் இப்ப அங்கதான சாப்பிடுறாங்க."

வாத்தியக் குழுவில் யாரும் மறுக்கவில்லை. ஊரில் அப்படி ஒரு வரிசை இருப்பதே அர்கிரிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.