சுடலைமுத்து ஒப்புக்கொண்ட கொலை

வவுனியாவில் அரிசி ஆலை வைத்திருந்த தில்லைநாதன் ஒரு விடியற்காலை ஆலையின் பின்பக்கத்தில் கத்திக்குத்துடன் இறந்து கிடந்தார். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அது. அங்கே மூட்டை சுமந்த சுடலைமுத்து அன்று பின்னேரமே பொலிசுக்குப் போய், "நான்தாங்க முதலாளியக் கொன்னேன்" என்றார்.

பொலிசார் அவரைப் பூட்டி வைத்தார்கள். பார்க்க ஒருவரும் வரவில்லை. மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பிவந்து மாங்குளத்தில் தோட்டம் செய்தவர் அவர். முந்தின வருஷம் சண்டைக்குள் இடம்பெயர்ந்து வரும் வழியில் மனைவி இலட்சுமி காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு ஆலைக்குப் பக்கத்துக் கொட்டிலில் தனியேதான் இருந்தார். வேலை சம்பந்தமாக அல்லாமல் அவரோடு எவரும் கதைப்பதில்லை.

நீதவானிடமும் அதையே சொன்னார். எதைக்கொண்டு கொன்றாய் என்று கேட்டதற்கு மண்வெட்டி என்றார். உடலில் இருந்ததோ கத்திக் காயம். நீதவான் அவரை மனநோய் வைத்தியர் ஜெகதீஸ்வரியிடம் அனுப்பினார்.

"தில்லைநாதன் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"ஒண்ணுஞ் செய்யலைங்க. நல்ல மனுசன்."

"பிறகேன் கொன்றனீங்கள்?"

"தண்ணி கேட்டாருங்க. குடுக்காம வண்டி தேடிப் போயிட்டேன்."

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். "ஆர் தண்ணி கேட்டது?"



"திரும்பி வந்தேங்க. விட்டுட்டுப் போன மரத்தடியிலதான் கெடந்தா. வாய் தெறந்தபடி."

ஆஸ்பத்திரி விடுதியில் வைத்து ஊசியும் குளிசையும் கொடுத்தார்கள். அதற்கிடையில் ஆலையின் லொறிச் சாரதி கத்தியோடு பிடிபட்டான். வழக்கிலிருந்து சுடலைமுத்துவை விடுவித்தார்கள்.

அவர் நேரே தில்லைநாதனின் மனைவி அன்னபாக்கியத்தைத் தேடிப் போனார். அவா படலையைத் திறக்கவில்லை.

"நீங்கள் செய்யேல்லையெண்டு தெரியும்," என்றா. "ஆனா இவ்வளவு நாளும் உங்கட பேரைச் சொல்லித்தான் திட்டினனான். இப்ப அந்தச் சாரதியைத் திட்ட வாய் வருகுதில்லை."

"என்னையே திட்டுங்கம்மா. பரவால்ல."

"வேண்டாம். போங்கோ."

ஆலையில் வேறு ஆளை எடுத்திருந்தார்கள். சந்தையில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. அங்கும் அவர் போய் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழும்பிப் போனார்கள். கொலைகாரன் என்பதாலா, பைத்தியம் என்பதாலா, அவருக்குத் தெரியாது.

மாதத்தில் ஒருமுறை கிளினிக்குக்குப் போவார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் அது ஒன்றுதான். ஒருநாள் ஜெகதீஸ்வரி கேட்டார்:

"இலட்சுமி எப்பிடிச் செத்தவ?"

"காய்ச்சல்லங்க."

"நீங்கள் கொன்றனீங்களா?"

"இல்லைங்க. யாருங் கொல்லல."

"ஓம். அதுதான் சரி. நல்லாச் சுகமாயிட்டீங்கள். இனி மூண்டு மாதத்துக்கொருக்கா வந்தால் போதும்."

சுடலைமுத்து தலையாட்டினார். இலட்சுமியைப் பற்றி ஜெகதீஸ்வரி இன்னும் ஏதாவது கேட்பார் என்று கதிரையிலேயே இருந்தார். வைத்தியர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.