நடந்து காட்டியவர்

சமையல் மேடையின் விளிம்பை ஒரே ஒரு விரலால் தொட்டபடி கண்டக்டர் இடது காலில் நின்றுகொண்டிருந்தார். மகள் குக்கரை மூடிக்கொண்டே அவருக்காக எண்ணினாள். "ஏழு... எட்டு... மூச்ச அடக்காதீங்கப்பா... ஒம்போது." பத்து வந்ததும் வலது காலைத் தரையில் வைத்தார். முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்ற மனிதர் அவர். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் வண்டியே ஒருவர் மேல் ஒருவராகச் சரியும். இவர் மட்டும் விரலிடுக்கில் டிக்கெட்டோடு நட்டுவைத்த கம்பம் போல நிற்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் தெருவில் கண்டக்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நிற்கிற வித்தைதான் கைவிட்டுப் போனது.

மனைவி போன அன்று ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தவர், அதன் பிறகு சரியாக எழுந்திருக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். டிவிக்கு முன்னால் சாப்பாடு, அங்கேயே தூக்கம். நாலு வருஷத்தில் எடை நூற்று நாலு கிலோ ஆனது. முழங்கால்கள் இரண்டும் இறுகிக்கொண்டன. வாக்கரைத் தள்ளிக்கொண்டு போயும் குளியலறையில் இரண்டு தடவை விழுந்தார். இரண்டாம் தடவை மகள் ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்ததில் அவள் முதுகு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் வருகிற வரை அரை மணி நேரம் அப்பாவும் பெண்ணும் ஈரத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் இடுப்பில் அகலமான பெல்ட் ஏறியது.

பத்து நாள் கழித்து பிசியோதெரபிப் பெண் வந்தாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னாள். டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னாள். பக்கவாட்டில் நடக்கச் சொன்னாள். தட்டில் பாதி காய்கறி, சோறு ஒரே கரண்டி, டீயில் சர்க்கரை கிடையாது. "இதுக்குப் பட்டினியே போட்டுடலாமே" என்று முதல் வாரம் முரண்டு பிடித்தார். ஆனால் மகள் ஆபீஸ் கிளம்புமுன் தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று எண்ணினாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில்கூட இருவரும் இப்படிச் சேர்ந்து நின்றதில்லை. அப்போது அவர் விடியுமுன் முதல் வண்டிக்குப் போயிருப்பார். அந்த அரை மணிக்காகவே வாயைக் கட்டினார். அவள் இல்லாத மதியங்களிலும் தானே எண்ணிக்கொண்டு நின்றார். ஐந்து மாதத்தில் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கினார். வாக்கர் கதவுக்குப் பின்னால் போனது. இனி இவளுக்குப் பாரமில்லை என்று ஒரு நாள் கண்ணாடி முன் நின்று சட்டையைத் தொளதொளவென்று இழுத்துப் பார்த்து நினைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை மகள் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "ஒரு நர்ஸம்மா வர்றாங்கப்பா. நல்லா நடந்து காட்டுங்க."

நர்ஸம்மா நடுத்தர வயசு, கனிவான முகம். எடை, மாத்திரை, தனியாகக் கழிப்பறை போவாரா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "ஜன்னலோரக் கட்டில் வேணும்னா இப்பவே சொல்லிடுங்கய்யா. அப்புறம் வர்றவங்க கேட்டுடுவாங்க" என்றாள்.

"எங்க கட்டில்?"

நர்ஸம்மா மகளைப் பார்த்தாள். மகள் இடுப்பு பெல்ட்டின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினாள்.

"பெரியவங்களுக்கான இல்லம்பா. நல்ல இடம், நான் போய்ப் பாத்தேன். தானா எழுந்து நடக்கறவங்களத்தான் எடுத்துப்பாங்க. போன தடவ கேட்டப்போ இவ்வளவு வெயிட்டத் தூக்க ஆள் இல்லன்னுட்டாங்க."

"போன தடவைன்னா எப்போ?"

"நீங்க ரெண்டாவது தடவ விழுந்தீங்கல்ல. அந்த வாரம்."

அவருக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. விழுந்தது, அந்த வாரம், அதற்கடுத்து வந்த பிசியோ பெண். ஒம்போது, பத்து என்ற குரல்.

"என்னால தூக்க முடியலப்பா" என்றாள் மகள். குரலில் அழுகை இல்லை. வெகு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் போல இருந்தது.

நர்ஸம்மா சங்கடத்தோடு கடிகாரத்தைக் கையில் எடுத்தாள். "எழுந்து அந்த ஜன்னல் வரைக்கும் போய்ட்டு வந்து உக்காருங்கய்யா. அவ்வளவுதான்."

விழுந்துவிடுவது என்று அவர் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும். காகிதத்தை மடித்துக்கொண்டு நர்ஸம்மா போய்விடுவாள். கையை ஊன்றாமல் எழுந்தார். ஜன்னல் வரை நடந்தார். திரும்புகிற இடத்தில் இடது முழங்காலைத் தளர்த்தி, உடம்பை அப்படியே பக்கவாட்டில் சாய விட்டார். மகள் "அப்பா" என்று பாதி எழுந்தாள்.

விழவில்லை. வலது கால் அவரைக் கேட்காமல் வெளியே பாய்ந்து ஊன்றிக்கொண்டது, இடுப்பு நிமிர்ந்தது, கைகள் தாமே விரிந்து அடங்கின. ஐந்து மாதம் சொல்லிக் கொடுத்ததை உடம்பு ஒரு சொட்டுச் சிந்தாமல் செய்து முடித்திருந்தது. இன்னொரு தடவை முயன்று பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பதினோரு நொடி" என்றாள் நர்ஸம்மா. "நடுவுல தடுமாறியும் தானாவே சமாளிச்சுட்டீங்களே. பாதிப்பேருக்கு இது வராது." அதையும் எழுதிக்கொண்டாள்.

மகள் அவளை வழியனுப்ப வாசலுக்குப் போனாள். எந்தத் தேதி, என்னென்ன துணி என்று இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். உட்கார்ந்து வெகு நேரமாகியும் வலது காலின் விரல்கள் ஐந்தும் டைல்ஸை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.