என் பரணுக்கு மரம் நானே பார்க்கிறேன்

என் கணவன் ஆர்லன் எனக்கு மரத்தில் கட்டிக் கொடுத்த வேட்டைப் பரணில் உட்கார்ந்தால் மான் தெரியாது, தபால்காரர் தெரிவார். டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால், வண்டிப்பாதை ஓரமாக, ஏறி இறங்க வசதியாக ஒரு மேப்பிள் மரம். கல்யாணமான வருஷத்திலிருந்து வில் வேட்டைக் காலம் வந்தால் எனக்கு அந்த மரம்தான். அவனுக்கும் அவன் தங்கை டார்சிக்கும் காட்டுக்குள் நல்ல மரங்கள். நிலம் அவர்கள் அப்பா விட்டுப்போனது, யாருக்கு எந்த மரம் என்று முடிவு செய்வதும் அவர்களே. நான் காட்டுக்குள் போனால் வழி தவறிவிடுவேனாம், ஏணியிலிருந்து விழுந்துவிடுவேனாம். விஸ்கான்சின் மலைச் சாலைகளில் பனியிலும் ஐஸிலும் பால் லாரி ஓட்டுகிறவள் நான். நான் வழி தவறிவிடுவேனாம்!

போன டிசம்பரில் வேட்டைக் காலம் முடிகிற நேரம், டார்சி சாப்பிட வந்திருந்தாள். அவள் அடித்த மானின் இறைச்சியில் செய்த சாசேஜைத் தட்டில் நறுக்கி வைத்துக்கொண்டே என்னைக் காட்டிச் சொன்னாள்.

"மார்லிஸ் இந்த வருஷமும் ஒரு ஸ்வெட்டர் பின்னி முடிச்சிருப்பா. அந்தப் பரண்ல வெளிச்சம் அதுக்குத்தான் நல்லா இருக்கு."

ஆர்லன் சிரித்த சிரிப்பில் முள்கரண்டி கீழே விழுந்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றேன். "அடுத்த வருஷம் என் மரத்தை நானே பாத்துக்கறேன். காட்டுக்குள்ள. துணைக்கு யாரும் வர வேண்டாம்."

"சரி, பாத்து வெச்சு, அங்க மான் வரலைன்னா?" என்றான் ஆர்லன்.

"வேட்டையோட முதல் ரெண்டு நாளுக்குள்ள அம்பு எட்டற தூரத்துல ஒரு மான் வரலைன்னா, சாகற வரைக்கும் கொட்டகை மரத்துலயே உக்காந்துக்கறேன். வந்துச்சுன்னா, என் மரத்தைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் அப்புறம் வாயே திறக்கக் கூடாது."

"கை குடு," என்றான். கொடுத்தேன். டார்சியும் கொடுத்தாள், சாசேஜ் எண்ணெயோடு.

மார்ச்சில் பனி உருகத் தொடங்கியதும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆர்லன் சோபாவில் படுத்து கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேட்டை செப்டம்பர்லம்மா தாயே. இப்பவே போய் மானுக்குக் குட் மார்னிங் சொல்லப் போறியா?"

"இப்ப போனாத்தான் எதுவும் கெடாது. செப்டம்பர்ல போய்த் தேடினா, தேடறது மட்டும்தான் மிஞ்சும்."

பெரிய பேச்சாகப் பேசிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். ஆனால் மார்ச் காடு எதையும் மறைப்பதில்லை. இலை இல்லை, புதர் இல்லை. குளிர்காலம் முழுக்க மான்கள் நடந்த தடங்கள் பாதி உருகிய பனியில் அழுக்குக் கோடுகளாகக் கிடந்தன. போன இலையுதிர் காலத்தில் கலைமான்கள் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்த மரங்கள் வெளுத்து நின்றன. எங்கே படுத்தன என்பதுகூட அந்தந்தக் குழிவிலேயே தெரிந்தது. அவற்றின் படுக்கையறை வரை மூக்கை நுழைத்தேன். பயந்து ஓடின, ஓடட்டும். கோடை முழுவதும் இருக்கிறது, அதற்குள் மறந்துவிடும்.

மலை முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, மேற்குச் சரிவில், படிக்கட்டு போல ஒரு சமதளம் இருக்கிறது. எல்லாத் தடங்களும் அங்கே வந்துதான் சேர்ந்தன. அங்கே சில வெள்ளை ஓக் மரங்கள். பனியைக் காலால் விலக்கினால் மான்கள் தேடித் தின்னும் ஓக் கொட்டைகளின் பழைய தொப்பிகளும் மான் புழுக்கையும் குவிந்து கிடந்தன. அங்கேயே நின்று சத்தமாகச் சொன்னேன், "இதுதான்." அதற்குப் பிறகு ஆகஸ்டு கடைசி வரை அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை.

போகாவிட்டால் என்ன, பால் லாரி இருக்கிறதே. தினம் அதே நேரம், அதே சாலை, அதே உறுமல். மான்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. ஜூலையில் எங்கள் சோயா வயலில் சாயங்காலம் ஒரு கூட்டமே மேயும். லாரியை ஓரங்கட்டி, பைனாகுலரில் எது எந்த மூலையிலிருந்து வருகிறது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் வருவதில்லை என்று பார்த்து வைத்தேன்.

ஆர்லனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. வயலைச் சுற்றி மரத்துக்கு மரம், மான் கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா கட்டினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான்கு சக்கர பைக்கில் தடதடவென்று போய் படங்களை எடுத்து வருவான். வளைந்த கொம்போடு பெரிய கலைமான் ஒன்று. அதற்குக் கோணக்கொம்பன் என்று பெயர் வேறு. பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் படத்தைக் காட்டுவது போல எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

"வாரா வாரம் அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கறியே, ஒரு நாள் காலி பண்ணிட்டுப் போயிடப் போறான்," என்றேன்.

"பொறாமை," என்றான் ஆர்லன்.

"சோயா இலை பழுத்தா அவன் அங்க எதுக்கு இருக்கணும்? உனக்கு வாடின கீரையைப் போட்டா நீ சாப்பிடுவியா?"

"எனக்குப் பச்சைக் கீரையே பிடிக்காது."

ஆகஸ்டு கடைசியில் மத்தியான நேரம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், சமதளத்துக்குப் போனேன். மழை என் வாடையைக் கழுவிவிடும், சத்தத்தையும் அமுக்கும். பைனாகுலரில் ஓக் மரங்களின் உச்சியை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வெறும் இலை. ஒன்றே ஒன்றுதான் கிளை வளையக் காய்த்திருந்தது. மேற்கிலிருந்து காற்று வந்தால் என் வாடை அதற்குப் போகாத இடத்தில் ஒரு பாஸ்வுட் மரம். அதில் பரணைக் கட்டினேன். குறுக்கே நின்ற ஒரே ஒரு கிளையை மட்டும் கைவாளால் அறுத்தேன். வியர்வையும் மழையும் வழிய, ஏணியில் தனியாகத் தொங்கிக்கொண்டு கட்டி முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

ஆனால் எந்த மரம் என்பதை ஆர்லனிடம் சொன்னேன். மரத்தில் ஏறுகிறவர், விழுந்து கிடந்தால் தேடி வர, எந்த மரம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கம் யாரும் இந்த விஷயத்தில் விளையாடுவதில்லை.

சனிக்கிழமை வேட்டை தொடக்கம். புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது ஆர்லன் வாசலிலேயே நின்றான். முகமெல்லாம் பல்.

"உனக்கு ஒரு சர்ப்ரைஸ். உன் மரத்துக்குப் போயிட்டு வந்தேன்."

என் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தேன்.

"நல்ல மரம்தான், ஒத்துக்கறேன். ஆனா அம்பு விட இடமே இல்லையே. ரெண்டு பக்கமும் கிளையெல்லாம் நல்லா வெட்டி விட்டுட்டேன். மெத்தை சீட்டு போட்டிருக்கேன். ஒரு கேமராவும் கட்டியிருக்கேன், என்ன வருதுன்னு நீ பாக்கலாம்."

"எதால வெட்டின?"

"செயின்சா ரம்பத்தால."

"எதுல போன?"

"பைக்லதான். மேல முகட்டு வழியா, நேரா மரத்தடி வரைக்கும். உனக்கு நடக்கற சிரமம் கூட இல்லாம ஒரு வழி போட்டுட்டேன்."

வேட்டைக்கு இன்னும் மூன்று நாள். பெட்ரோல், புகை, மரத்தூள், அவன் வியர்வை. மார்ச்சிலிருந்து, அந்த ஒரு மழை நாளைத் தவிர, நான் கால் வைக்காமல் காத்த இடம். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட எண்ணமாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"யார் கேட்டா உன்னை?" என்று கத்தினேன். பக்கத்துப் பண்ணை நாய் குரைக்கத் தொடங்கியது. "ஆறு மாசமா நான் அங்க மூச்சுகூட விடல, ஆர்லன்! துணைக்கு யாரும் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

அவன் முகம் விழுந்துவிட்டது.

"உதவியாத்தான்..." என்றான். "சரி, தப்புதான். பந்தயத்தை விட்டுடலாம். என்னோட சோயாப் பரணை எடுத்துக்கோ. கோணக்கொம்பன் உனக்கே."

"உன் பரண் எனக்கு வேண்டாம். பந்தயம் அப்படியே இருக்கட்டும்."

"மார்லிஸ், அங்க இனி எதுவும் வராது."

"அதை நான் பாத்துக்கறேன்."

என்ன பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. கொட்டகை மரமும் தபால்காரரும் கண் முன்னால் வந்து போனார்கள்.

மறுநாள் சாயங்காலச் சுற்றில் கடைசிப் பண்ணை, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம். அங்கே தொட்டியிலிருந்து லாரிக்குப் பால் ஏறிக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறு வேலை இல்லை. அந்த முற்றத்திலிருந்து எங்கள் மேற்குச் சரிவு முழுக்கத் தெரியும். பைனாகுலரை எடுத்தேன். சோயா வயல் மஞ்சளாக, காலியாகக் கிடந்தது. என் பாஸ்வுட் மரத்தைச் சுற்றி ஆர்லன் வெட்டிய இடம் மொட்டைத் தலையாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் மறுபடி பல்லைக் கடித்தேன்.

அப்போது சரிவில் ஏதோ அசைந்தது. ஒரு பெண்மான், பின்னால் இரண்டு. வழக்கமாகச் சமதளத்தின் மேலேயே வருகிறவை, வெட்டிய இடத்துக்கு முன்னாலேயே நின்றன. மூக்கைத் தூக்கின. திரும்பி ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. கீழே இறங்கி, ஓடையிலிருந்து மேலேறி வரும் பள்ளத்தின் தலைப்பகுதியைக் குறுக்கே கடந்து, கீழ்ப்பக்கமாகச் சுற்றி ஓக் மரத்துக்கு ஏறின. சாயங்காலமானால் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். மரத்தடியில் யார் இருந்தாலும் அந்தக் காற்றிலேயே கீழிருந்து தெரிந்துகொள்ளலாம். அத்தனை சாமர்த்தியம். அவை கொட்டையை விடவில்லை, வாசலைத்தான் மாற்றிக்கொண்டன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காற்று பள்ளத்தின் தலையோடு நின்றுவிடாதே, இன்னும் கீழே போகுமே. மான்கள் கடக்கும் இடத்துக்குக் கீழே நான் உட்கார்ந்தால், என் வாடை என்னைத் தாண்டிக் கீழே போகும், மேலே போகாது. அங்கே பரண் கட்ட மரமும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் பள்ளத்தில் விழுந்து கிடக்கும் எல்ம் மரம் ஒன்றை மார்ச்சில் தாண்டிப் போனது ஞாபகம் இருந்தது. பால் ஏறி முடிந்து பம்ப் வெறுமனே ஓடிக்கொண்டிருப்பதைப் பண்ணைக்காரர் வந்து சொல்லித்தான் கவனித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வில்லை எடுத்துக்கொண்டு ஆர்லனிடம் இடத்தைச் சொன்னேன்.

"பள்ளத்துலயா? தரையிலயா? பரண் இல்லாம?"

"ஆமா."

"அங்க ஒருத்தரும் உக்காந்ததே இல்ல."

"அதனாலதான்."

அவன் தன் வில்லை எடுத்துக்கொண்டான். சோயா வயலுக்குப் போனான். நான் கீழ்ச் சாலையிலிருந்து, தரையில் வாடை படாமல் இருக்க, ஓடைத் தண்ணீரிலேயே நடந்து போய், பள்ளத்தில் ஏறி, எல்ம் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொசு பிய்த்து எடுத்தது. ஒரு கால் மரத்துப்போனது, பிறகு இன்னொன்று. அணில்கள் ஒவ்வொன்றும் மான் போலவே சருகில் சத்தமெழுப்பி நடந்து ஏமாற்றின. சூரியன் எதிர்மலைக்குப் பின்னால் இறங்கியதும் முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது, மேலிருந்து. அசையாமல் இருந்தேன்.

முதலில் குட்டியோடு ஒரு தாய். அம்பு எட்டும் தூரத்துக்குள்ளேயே கடந்து போனது. பந்தயம் அந்த நிமிஷமே முடிந்துவிட்டது, என் மரம் இனி என் மரம். ஆனாலும் குட்டியோடு வந்ததை விட்டுவிட்டேன். பிறகு தனியாக ஒரு பெரிய பெண்மான், கொழுத்தது. பள்ளத்தின் நடுவில் நின்று மேலே, ஓக் மரத்தை நோக்கி மூக்கைத் தூக்கியது. என் பக்கம் பார்க்கவே இல்லை. வில்லை இழுத்தேன். அம்பை விட்டேன். மான் சரிவில் கொஞ்ச தூரம் ஓடி, என் கண்ணெதிரிலேயே விழுந்தது.

அது அடங்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு போய் அதன் கழுத்தில் கை வைத்தேன், இன்னும் சூடாக இருந்தது. நன்றி என்று சொன்னேன், யாருக்கென்று கேட்டால் தெரியாது. கொஞ்சம் அழுதேன். அந்த நேரத்தில் அந்தச் சரிவில் என்னைவிடப் பெருமையான ஆள் யாரும் இருந்திருக்க முடியாது.

போனை எடுத்து ஆர்லனைக் கூப்பிட்டேன்.

"விழுந்துடுச்சு. பெரிசு."

"பள்ளத்துலயா?" நீண்ட மூச்சு கேட்டது. "இங்க ஒரு வான்கோழிகூட வரல. வயல் காலியாக் கிடக்கு. இரு, பைக்கை எடுத்துட்டு முகட்டு வழியா..."

சொல்லி முடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

"மார்லிஸ்," என்றான், "நான் எந்தப் பக்கமா வரட்டும்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவன் அப்பாவின் நிலத்தில், அவன் என்னிடம் வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓடை வழியா," என்றேன். "நடந்து வா. மத்த மானெல்லாம் இன்னும் மேலதான் இருக்கு."

நடந்தே வந்தான், முழங்கால் வரை நனைந்து, சத்தமில்லாமல்.