நேத்து சர்வே

1

பத்திரிகை கேட்டதால் எழுதுகிற கதை இது. நானாக ஆசைப்பட்டு எழுதவில்லை. "அடிபட்டாலும் எழுந்து நிற்கிற தொழில் நகரம், ஒரு பயணியின் பார்வையில்" என்றார்கள். நான் வீட்டைவிட்டு நகராத ஆள். அதனால் ரஞ்சனா என்று ஒருத்தியைச் செய்து, அந்தத் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லி, கோயம்புத்தூரில் ரயிலேற்றி, மும்பை மாட்டுங்காவில் உறவினர் வீட்டில் இறக்கிவிட்டேன்.

முதல் வரி: மும்பை ஒருபோதும் தூங்குவ—

வேண்டாம்.

தாராவியின் சந்துகளில் நம்பிக்கையின் ஒளி—

சீ! (அடித்தது தெரியட்டும்.)

2

தாராவியில் ஷரீஃபுன்னிசாவின் கடை. பழைய எண்ணெய் டின்களைக் கழுவி, நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி விற்கிறார். கணவர் இறந்த பிறகு அவரும் மகள் அஃப்ஷாவும்தான். நசுங்கியது நிமிர்கிறது! உங்களுக்கு உவமை தோன்றிவிட்டது, இல்லையா? காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்த ரஞ்சனாவுக்கும் தோன்றியது. கேட்டே விட்டாள்.

"எவ்வளவு அடி வாங்குனாலும் நிமிர்ந்துடறீங்களே, எப்படிங்க?"

"டின்னயா கேக்கீய, என்னயா?" சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டார் ஷரீஃபுன்னிசா. "நிமிந்து எங்க நிக்கேன்? இடுப்பு ஒடிஞ்சு போச்சு. வேற போக்கிடம் இருந்தா போயிருக்க மாட்டேனா?"

நல்ல பதில்தான். கட்டுரைக்கு ஆகாது என்பதால் ரஞ்சனா அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

3

அந்தச் சந்து முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். சர்வேக்காரர்கள் வரும்போது கடை திறந்து வேலை நடந்தால் புதுக் கட்டடத்தில் இடம். பூட்டிக் கிடந்தால் கிடையாது. (விதி என் கற்பனை. பயம் என் கற்பனை அல்ல.)

சாயங்காலம் டீ குடிக்கப் போன ரஞ்சனாவைச் சந்து முனையில் அஃப்ஷா பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வாஷியில் டபுள் ஷிஃப்ட். மறுநாள் மத்தியானம்தான் திரும்புவாள். வேலையிடத்துக்குள் போன் கூடாது.

"ஆன்ட்டி, உம்மாட்ட சொல்லிருங்க. சுத்தியல் சத்தத்துல போன எடுக்க மாட்டுக்கா. நேத்து சர்வே. கடை தொறந்திருக்கணும். ஜல்தி, எனக்கு ட்ரெயின் போயிரும்!"

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தியில் நேற்றும் 'கல்'தான், நாளையும் 'கல்'தான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழில் இரண்டும் புரண்டுவிடும். அஃப்ஷா நேரில் சொல்லியிருந்தால் உம்மா சிரித்துக்கொண்டே சரியாகப் புரிந்துகொண்டிருப்பார். சொல்லப் போனவள் கோயம்புத்தூர்க்காரி.]

"நேத்தே சர்வே முடிஞ்சுடுச்சாங்க. கடை தொறந்திருந்திருக்கோணுமாம்" என்றாள் ரஞ்சனா.

ஷரீஃபுன்னிசாவின் கை நின்றது. நேற்று ஆண்டாப் ஹில்லில் கல்யாணம். கடை நாள் முழுக்கப் பூட்டு.

"யா அல்லாஹ், என் பொழப்புல மண்ணு விழுந்துட்டே!" தலையில் அடித்துக்கொண்டார். "தாணேல ஆபீஸ் இருக்காம். விடியவும் போயி அவனுவ கால்ல விழுதேன்."

[பக்கத்துக் கடையில் விசாரித்திருக்கலாமே என்கிறீர்கள். ஓட்டை எனக்கும் தெரிகிறது. அவசரத்துக்கு, சந்து முழுவதையும் அந்தக் கல்யாணத்துக்கு அனுப்பிவைத்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

4

மறுநாள் காலை, மாட்டுங்காவில் ஒரு டிபன் கடை. ரஞ்சனா கட்டுரையின் கடைசிப் பத்திக்கு வந்துவிட்டாள். அடை கேட்டாள்.

"இன்னிக்கு இல்ல மேடம். அடை நேத்துதான்" என்றான் பரிமாறுகிற வெங்கடேஷ். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேயே.

"நேத்துக்கு நான் எப்படிப்பா வருவேன்?"

"அய்யோ, சாரி. நாளைக்கு! கல், கல். எனக்கு எப்பவும் குழம்பிடும்."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். நேத்து சர்வே. அப்படியென்றால் சர்வே இன்றைக்கு! போனைக் கையில் எடுத்தாள். யாரைக் கூப்பிடுவது? எப்படி எழுந்து நிற்கிறீர்கள் என்று ஒரு பகல் முழுக்கத் துருவியவள், ஷரீஃபுன்னிசாவிடம் போன் நம்பர் கேட்கவில்லை. காபியை அப்படியே விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தாள்.

5

முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில், தாணே ரயில் நின்றுபோய் ஷரீஃபுன்னிசா பாதியிலேயே திரும்பி வ— சினிமா. இன்னொன்றில், கடை போகிறது, ஆனாலும் நகரம் எழுந்து நி— பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெண்ணின் கடை போகிறதய்யா, யாரைக் கைதட்டச் சொல்கிறீர்கள்?

இரண்டையும் கிழித்துவிட்டு, ரஞ்சனாவைக் கடைவாசலில் இறக்குகிறேன். பூட்டு தொங்குகிறது. சாவி தாணேயில். டின்கள் வெளியே, சுத்தியல் உள்ளே. பக்கத்துக் கதவில் எண் எழுதி முடித்த சர்வேக்காரர் இந்தப் பக்கம் வருகிறார்.

"யே கிஸ்கா ஹை?"

யாருடைய கடை என்கிறார். ரஞ்சனாவுக்கு இந்தி அரைகுறை. என்னுடையது என்று பொய் சொல்லலாம். தப்பு என்னுடையது என்று அழலாம். கையைப் பிடித்துக் கெஞ்சலாம். வாயைத் திறந்துவிட்டாள், அதில் போட என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், எந்த மொழியானாலும் பரவாயில்லை. சீக்கிரம் சொல்லுங்கள், அவர் அடுத்த கதவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.