மேனேஜருக்கு ஒரு எக்ஸ்ரே

"டேய், படம் வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லு!"

"வரும்க்கா. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிக்கிறேன்."

"இதோட எத்தனை ஒரு தடவைடா?"

தம்பிக்காரன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தான். திரை கறுத்தது. பிறகு அந்தப் புள்ளிகள் வட்டமடிக்க ஆரம்பித்தன. உலகத்தில் எவருக்கு எந்த அவசரம் இருந்தாலும் எங்களுக்கு இல்லை என்கிற மாதிரி ஒரு சுற்று.

அவனுக்குப் பின்னால், எக்ஸ்ரே மேசையில், மேனேஜர் படுத்துக் கிடந்தது.

மேனேஜர் ஒரு நாய். பழுப்பு நிறம், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தலை. அக்காவின் கால்நடை மருத்துவமனை வாசலில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து, வருகிற பூனை, கிளி, ஆடு, அவற்றின் சொந்தக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் மோந்து பார்த்து உள்ளே அனுப்பும். அதனால் அந்தப் பெயர். இன்று அது எவரையும் மோந்து பார்க்கவில்லை. விடிந்ததிலிருந்து குமட்டிக்கொண்டே இருந்தது. வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது. நாக்கு வெளியே தொங்க, அக்காவின் கணவரான மாமாவின் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

"எதையோ முழுங்கியிருக்கு," என்றாள் அக்கா, வயிற்றை அழுத்திப் பார்த்தபடி. அவள்தான் டாக்டர். "அது இரைப்பையில இருந்தா வாய் வழியாவே குழாய் விட்டு எடுத்துடுவேன். குடலுக்குள்ள இறங்கிடுச்சுன்னா வயித்தைத் திறக்கணும். எங்க இருக்குன்னு பாக்காம நான் கத்தியை எடுக்க மாட்டேன். படம் வேணும்."

படம்தான் வரவில்லை. எக்ஸ்ரே இயந்திரம் தயாராக இருந்தது. படத்தட்டை வைத்தால் படம் பிடிக்கும். ஆனால் பிடித்த படத்தைக் காட்ட வேண்டிய மென்பொருள் திறக்க மறுத்தது. திறக்கிற ஒவ்வொரு தடவையும் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்தது: 'உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை.'

நேற்று மதியம்வரை நன்றாகத்தானே ஓடியது?

ஓடியது. நேற்று சாயங்காலம் தம்பி வந்தான்.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மூன்று மாடி இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன் அவன். எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்து ஒன்றே என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு 'ரீஸ்டார்ட்' என்று பட்டப்பெயர். சும்மா அக்காவைப் பார்க்க வந்த இடத்தில், திரையின் மூலையில் 'பாதுகாப்பு அப்டேட் காத்திருக்கிறது' என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டான். பார்த்தது பாவம். மாதக்கணக்கில் காத்திருந்த அப்டேட்டைப் பற்றி அக்காவுக்கும் மாமாவுக்கும் நின்ற வாக்கில் ஒரு சொற்பொழிவு ஆற்றினான்.

"வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குற மாதிரிக்கா இது. எவன் வேணா உள்ள வரலாம்."

"வந்து என்னடா எடுப்பான்? பூனைக்குக் குடல்புழு மருந்து எப்ப குடுத்தோம்னு தெரிஞ்சுக்கிட்டு ஓடிடுவானா?" என்று கேட்டார் மாமா. மருத்துவமனையின் வரவேற்பு, கணக்கு, துடைப்பம் மூன்றும் அவர் பொறுப்பு.

அவன் அசரவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் தனியாக உட்கார்ந்து, ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று தீர்த்து, அப்டேட்டைப் போட்டு முடித்தான். மேனேஜர்தான் துணைக்கு இருந்தது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரை சொன்னதும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். எக்ஸ்ரே மென்பொருளை ஒரே ஒரு முறை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நாட்டையே காப்பாற்றிய தளபதிகள் இந்த மாதிரி சில்லறை வேலைகளைச் செய்வதில்லை.

தளபதி இப்போது ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் நீலம் என்று காலுறை மாட்டிக்கொண்டு ஓடி வந்து உட்கார்ந்திருந்தான்.

திரை வெளிச்சமானது. மென்பொருளைத் திறந்தான். சிவப்புப் பெட்டி.

"வந்துடுச்சா?" என்றார் மாமா.

"இது இல்ல மாமா. இது... இது ஒரு ஆரம்பக் கட்ட செய்தி."

"நேத்தும் அதே கட்டத்துலதான் மாப்ளே முடிஞ்சிருக்கு போல."

அவன் பல்லைக் கடித்தான். குற்றவாளி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அப்டேட். அதற்கு முன் ஓடியது, அதற்குப் பின் ஓடவில்லை. இதற்குத் துப்பறிவாளர் வேண்டுமா? அப்டேட்டுகளின் வரிசைக்குப் போனான். நேற்று தன் கையாலேயே போட்டதைத் தேடி எடுத்து 'நீக்கு' என்று கொடுத்தான். நேற்று அதே அப்டேட்டைப் பற்றி உலகத்தின் கடைசிக் காவல் சுவர் என்று பேசிய வாய், இன்று, "இந்த அப்டேட் எழுதுறவங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சுக் கேக்கணும்க்கா," என்றது.

"முதல்ல இதைப் பாரு. அப்புறம் வரிசை போடலாம்."

நீக்குகிறேன் என்று திரை சொன்னது. பத்து சதவீதம். பதினைந்து. பதினைந்திலேயே நின்று யோசித்தது. மேனேஜர் எழுந்து நின்று, முதுகை வளைத்து, உடம்பெல்லாம் குலுங்கக் குமட்டியது. நுரைதான் வந்தது. மாமா அதன் வாயைத் துடைத்துவிட்டு, கிண்டலையெல்லாம் மறந்து, "படுத்துக்கடா ராஜா, படுத்துக்க," என்றார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது.

நூறு. ரீஸ்டார்ட். புள்ளிகள். திறந்தான்.

சிவப்புப் பெட்டி.

குற்றவாளியை ஊரை விட்டே துரத்தியாகிவிட்டது. குற்றம் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. 'சேஃப் மோட்' என்கிற பாதுகாப்பு முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்கிப் பார்த்தான். கடிகாரமும் தேதியும் சரிதானா என்று பார்த்தான். வைரஸ் தடுப்பை அணைத்தான். எக்ஸ்ரே மென்பொருளையே கழற்றி மறுபடி நிறுவினான். மருத்துவமனைக் கம்ப்யூட்டர் இப்போது, அவன் சொன்ன அதே வாசக்கதவு, ஜன்னல், கூரை எல்லாம் திறந்து நடுரோட்டில் நின்றது. சிவப்புப் பெட்டி மட்டும் அசையவில்லை.

அக்கா மேனேஜரின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்தின இடத்தில் நிறம் திரும்ப நேரம் பிடித்தது.

"வெளுக்குது," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குத் தைரியமாக இருந்திருக்கும். "அடுத்த எக்ஸ்ரே இருக்கறது பக்கத்து ஊர்ல. அதுவரைக்கும் இவன் தாங்க மாட்டான். உன்னால முடியலைன்னா சொல்லிடு. நான் வயித்தைத் திறக்கறேன். குருட்டாம்போக்குல."

"அந்த மென்பொருள் கம்பெனி நம்பர் சுவத்துல ஒட்டியிருக்கு மாப்ளே," என்றார் மாமா மெதுவாக. "நீ வர்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டிருப்பேன். உனக்குத் தெரியாதது அவங்களுக்கு என்ன தெரியும்னு நினைச்சேன்."

அந்த வார்த்தைதான் குத்தியது. கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவர் நிஜமாகவே சொன்னார்.

அவன் போனை எடுத்தான். எதிர்முனையில் ஒரு பெண், தூக்கம் கலைந்து பல ஜென்மம் ஆன தெளிவான குரல். உதவிப் பிரிவு.

"சொல்லுங்க சார்."

அவன் சொன்னான். அப்டேட் போட்டதை, எடுத்ததை, பாதுகாப்பு முறையை, தேதியை, தடுப்பை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். தனக்கு எத்தனை வருட அனுபவம் என்பதையும் இடையில் சொருகினான்.

"சரி சார். பெட்டிக்குப் பின்னால எங்க சாவி ஒண்ணு செருகியிருக்கும். விரல் அளவு இருக்கும். உரிமம் அதுலதான் இருக்கு. அது செருகியிருக்குல்ல?"

அவனுக்குச் சுள்ளென்று வந்தது. இந்தக் கேள்வி அவனுடைய கேள்வி! மூன்று மாடியிலும் தினமும் அவன் கேட்கிற கேள்வி. வயர் செருகியிருக்கா? செருகியிருக்கு சார் என்பார்கள், குனிந்துகூடப் பார்க்காமல். மாடி ஏறிப் போய்ப் பார்த்தால் வயர் தரையில் கிடக்கும். அப்படிப்பட்டவர்களைப் பற்றி அவன் சாப்பாட்டு நேரத்தில் கதை கதையாகச் சொல்லிச் சிரிப்பான்.

"செருகியிருக்கு மேடம்," என்றான், குனிந்துகூடப் பார்க்காமல்.

"பச்சை லைட் எரியுதா?"

"எரியுது மேடம். நான் இந்தத் துறையில..."

"தெரியும் சார், சொன்னீங்க. லைட் எரிஞ்சும் உரிமம் வரலைன்னா சாவியிலேயே கோளாறு. மாத்தி அனுப்ப நாளாகும்."

"மேடம், மேசையில ஒரு உயிர் கிடக்குது."

பின்னால் மேனேஜர் முனகியது அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நாயா சார்?"

"ஆமா."

"எழுதிக்குங்க." அவள் குரல் வேகம் பிடித்தது. "அவசர அனுமதி எண் தர்றேன். சாவி இல்லாமலே ஒரு மணி நேரம் திறக்கும். அதுக்குள்ள படத்தை எடுத்துடுங்க."

எண்களை அவன் தட்டினான். ஒன்று தப்பியது. அழித்துத் தட்டினான். சிவப்புப் பெட்டி மினுங்கியது, தயங்கியது, மறைந்தது. மென்பொருள் விரியத் திறந்தது.

"அக்கா!"

மாமா கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். இயந்திரம் ஒரு முறை முனகியது. சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள் வரிசையாகத் திரையில் எழுந்தன. அவற்றுக்குக் கீழே, இரைப்பையின் மங்கலான பைக்குள், பளீரென்று வெள்ளையாக ஒரு சின்னக் கோடு.

அக்கா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"இரைப்பையிலதான் இருக்கு." மூச்சை விட்டாள். "இறங்கலை. குடலுக்குப் போற வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. கத்தி வேண்டாம்."

"என்னது அது? எலும்பா?" என்றார் மாமா.

"உலோகம். ஒருக்களிச்சுக் கிடக்கு, சரியாத் தெரியலை. விசிலா இருக்குமோ?"

"ரிமோட் பேட்டரிக்கா," என்றான் அவன் நிபுணர் குரலில். "பாத்தாலே தெரியுது."

மேனேஜருக்கு மயக்க ஊசி போட்டார்கள். அக்கா நீளமான குழாயை வாய் வழியாக இறக்கினாள். நுனியில் விளக்கு, பக்கத்தில் பிடித்து இழுக்கிற சுருக்குக் கம்பி. நாய்கள் முழுங்கிய காலுறைகளையும் பொம்மைகளையும் அவள் இதே குழாயால் இழுத்துப் போட்டிருக்கிறாள். அவன் சுவரோரமாக நின்று பார்த்தான். மேனேஜரின் மூச்சு சீராக வரவர அவனுக்கு முதுகெலும்பும் நிமிர்ந்து வந்தது. வாயும் திறந்தது.

"பாத்தீங்களா மாமா? எவன் எவனோ அவசரத்துல அப்டேட் எழுதறான், அவன் கொடுக்கற சாவியில கோளாறு. கடைசில நம்மள மாதிரி ஆளுங்கதான் நின்னு சமாளிக்க வேண்டியிருக்கு."

"ஆமா மாப்ளே," என்றார் மாமா. உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அவர் எதையும் ஒப்புக்கொள்கிற நிலையில் இருந்தார். "நீ இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்!"

"பிடிச்சாச்சு," என்றாள் அக்கா.

குழாய் மெல்ல மெல்ல மேலே வந்தது. ஏதோ ஒன்று பல்லில் உரசி வெளியே வந்து, தட்டில் 'டங்' என்று விழுந்தது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜரின் ஈறை அழுத்திப் பார்த்தாள். இளஞ்சிவப்பு. நெற்றியை அதன் நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே இருந்தாள்.

மாமாதான் தட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய் அலம்பினார். விரல் அளவு பிளாஸ்டிக் துண்டு. ஒரு முனையில் உலோக மூக்கு. அதைச் சுற்றி, கண்ணாடி டேப்புக்கு அடியில், நீல மையில் எழுதிய ஒரு சீட்டு. மாமா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"'இதை யாரும் கழற்றக் கூடாது'." ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ளே, இது உன் கையெழுத்துல்ல?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டே எட்டில் பெட்டியிடம் போனான். குனிந்தான். அன்று காலையில் முதல் தடவையாகப் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினான். கீபோர்டு வயர், மவுஸ் வயர், பிரிண்டர் வயர். பக்கத்தில் ஓர் ஓட்டை. காலி.

"பச்சை லைட் எரியுதுன்னு சொன்னியே," என்றாள் அக்கா.

"அப்டேட் போடறதுக்கு முன்னாடி," அவன் தரையைப் பார்த்துப் பேசினான், "கீபோர்டு, மவுஸ் தவிர பின்னாடி செருகியிருக்கறதை எல்லாம் கழட்டி வெச்சுடுவேன். முடிஞ்சதும் திருப்பிச் செருகுவேன். அதான் பத்திரம். எப்பவும் அப்படித்தான் செய்வேன். நேத்து இதை மட்டும் திருப்பிச் செருக மறந்துட்டேன்."

"இது பின்னாலதானே இருந்துச்சு? மேசைக்குமேல எல்லாம் இவன் ஏற மாட்டானே. கழட்டினதை எதுல வெச்சே?"

"சின்னச் சாமான். தொலைஞ்சுடக் கூடாதேன்னு..." அவன் காலி ஓட்டையை விரலால் தடவினான். "கீழ ஒரு ஸ்டீல் தட்டு இருந்துச்சு. சுத்தமா இருந்துச்சு. அதுல பிஸ்கட் தூளோட..."

"எந்தத் தட்டு?"

அவன் மேசையைப் பார்த்தான். மயக்கம் தெளிந்து ஒரு கண்ணை மட்டும் திறந்த மேனேஜர், அவனையே பார்த்தது.

"இவன் தினமும் சாப்பிடற தட்டுக்கா."